கற்றாழையின் சோறும் பாலும்

 

இராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டை வழியே திருவொற்றியூருக்கும், அங்கிருந்து கடலோரமாக எண்ணூருக்கும் செல்லும் நெடுவழியில், பெருந்தெருவை விட்டு உள்ளே திரும்பி வீட்டு வாயில்களை அண்ணாந்து பார்ப்போர்க்கு ஒரு காட்சி தவறாமற் கிட்டும். நிலைக்கு மேலே ஓர் ஆணி. ஆணியில் ஒரு கயிறு. கயிற்றில் வேர் மேலாகவும் தலை கீழாகவும் கட்டப்பெற்ற ஒரு கற்றாழை. கண்ணேறு கழிய வேண்டுமென்று கட்டியது அது. அதற்கு மண்ணும் இல்லை, வார்க்க நீரும் இல்லை. அடுப்புப் புகையும் ஆலைப் புகையும் சரக்குந்துகள் கிளப்பும் புழுதியுமே அதற்கு உணவு என்று சொல்லத்தக்க நிலை. எனினும் அது சாவதில்லை. திங்கள் பல கழிந்த பின்னும் பசுமை மாறாது, நுனியை மேல்நோக்கி வளைத்துக்கொண்டு புதிய இலையும் விடும்.

அதே வீட்டின் உள்ளே செல்க. சுவர்க் கண்ணாடியின் அருகில், எண்ணெய்ப் புட்டிக்கும் சீப்புக்கும் நடுவே, பச்சை நிறக் குழம்பு அடைத்த நெகிழிப் புட்டியொன்று இருக்கும். அதன் நெற்றியில் 'அலோவேரா' என்று எழுதியிருக்கும். முகத்திற்கும் கூந்தலுக்கும் நல்லதென்று, உழைத்து ஈட்டிய பணத்தைக் கொடுத்து வாங்கியது அது. வாயிலில் தலைகீழாகத் தொங்குவதும் புட்டிக்குள் பச்சையாக மினுக்குவதும் ஒரே செடிதான் என்று அவ்வீட்டுப் பெண்களிடம் சொன்னால், அவர்களிற் பலர் வியப்படைவர். செடி வளர்த்து விற்கும் தோட்டக் கடைகளில் "கற்றாழை வேண்டா, அலோவேரா இருந்தால் கொடுங்கள்" என்று கேட்பாரும் உளர்! பேயோட்டுவதற்குக் கற்றாழை, மேனி மினுக்குவதற்கு அலோவேரா என்று, ஒரு செடி இரண்டு செடியாகப் பிளந்து நிற்கின்றது.

இது வெறும் பெயர்ச் சிக்கல் அன்று. பெயரை இழந்த இடத்தில் அப்பெயருக்குள் பொதிந்திருந்த அறிவும் இழக்கப்பட்டது. அவ்வறிவை இழந்தமையால் உடலுக்கே தீங்கு வரக்கூடும். எங்ஙனம் என்பதே இப்பொழிவின் பொருளாகும்.

முதலிற் பெயரைக் காண்போம். கற்றாழை என்பதைக் கல் + தாழை என்று பிரிப்பது புணர்ச்சி விதிக்கு முற்றும் ஒக்கும். நிலைமொழி ஈற்று லகரம் தகரத்தோடு புணருங்கால் இரண்டும் றகரமாகும். தாழை என்பது நெய்தல் நிலத்து மரம். நீண்ட மடலும் மடலின் இருமருங்கும் முள்ளும் உடையது. கல்லாந்தரையிலும் நீர்வளமற்ற இடத்திலும் அம்மடலைப் போன்ற மடலோடும் முள்ளோடும் ஒரு செடியைக் கண்ட கடற்கரை மாந்தன், அதனைத் தன் தாழையோடு ஒப்பிட்டுப் பெயரிட்டான் என்று எண்ணத் தோன்றுகின்றது. தமிழ் மருத்துவர் அதனைக் குமரி என்பர். குமரி எண்ணெய், குமரி இளகம் என்பன இன்றும் நாட்டு மருந்துக் கடைகளில் வழங்கும் பெயர்கள். ஊர்ப்புறத்து மக்களோ இவ்விரண்டினும் சிறந்த ஒரு பெயரைக் கண்டனர்: சோற்றுக் கற்றாழை.

இச்செடி தமிழ்நாட்டிலேயே தோன்றியது என்று வீண்பெருமை பேச வேண்டுவதில்லை. அதன் பிறப்பிடம் அரபுத் தீவக்குறை என்பதே செடிநூலார் கொள்கை. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வும் அதனையே உறுதிப்படுத்தியது. மேலைக் கடல் வழியே என்றோ வந்து இம்மண்ணில் வேர்கொண்ட செடி இது. செடி வந்தேறியாயினும் பெயர் வந்தேறி அன்று. வந்த பொருளுக்குத் தன் சொல்லால் பெயரிட்டு, அப்பெயரிலேயே பயன்பாட்டையும் எழுதிவைத்தது தமிழ். இன்று நடப்பது அதன் மறுதலை. தன் வீட்டு வாயிலில் நிற்கும் பொருளுக்குப் புட்டியைப் பார்த்துப் பெயர் கற்கின்றோம். இடையே ஒரு வேடிக்கையும் உண்டு. விவிலியத்தின் ஆங்கிலப் பெயர்ப்புகளில் 'அலோ' என்று வரும் மணப்பொருள் இக்கற்றாழை அன்று, அஃது அகிற்கட்டை. அதனைக் குறிக்கும் எபிரேயச் சொல் தமிழ் அகிலோடு தொடர்புடையது என்று மொழிநூலார் பலர் கருதுவர். அகிலும் கற்றாழையும் கிரேக்கர் வாயில் ஒரே பெயருள் விழுந்து குழம்பின. 

இனி, சோற்றுக் கற்றாழை என்னும் பெயரின் உள்ளே நுழைவோம். ஒரு மடலை அடியில் அறுத்துச் சாய்த்துப் பிடித்தால், வெட்டுவாயில் மஞ்சள் நிறமான நீரொன்று கசியும், கடுங்கசப்பு, விரைவில் பழுப்பாகித் துணியிற் பட்டால் கறையாகும். அது மேல்தோலுக்கு நேர் கீழேயுள்ள நுண்குழாய்களில் ஓடுவது. அதனைக் கற்றாழைப் பால் என்பர். தோலைச் சீவி அகற்றினால் உள்ளே தெளிந்த, நிறமற்ற, வழவழப்பான சதைப்பற்று இருக்கும். அதுவே சோறு. நூற்றுக்கு 98 விழுக்காட்டிற்கு மேல் நீர். எஞ்சியது வழவழப்பைத் தரும் மாப்பொருள் வகையும் சிற்சில உப்புகளும். சோறு நிறமற்றது என்பதைக் கருத்தில் இருத்துக. புட்டியின் பச்சை நிறம் செடியினுடையது அன்று, சாயத்தினுடையது.

ஒரு மடலுக்குள் இருக்கும் இவ்விரண்டும் இரண்டு மருந்துகள். சோறு குளிர்ச்சி தருவது, மேலே பூசுதற்கு உரியது. பால் குடலை முறுக்கி வயிற்றைக் கழியச் செய்வது. அப்பாலை வடித்துக் காய்ச்சி இறுக்கினால் கருநிறக் கட்டியாகும். அதுவே கரியபோளம் என்றும் மூசாம்பரம் என்றும் நாட்டு மருந்துக் கடையிற் கிடைப்பது. அடிபட்ட வீக்கத்திற்கும் சுளுக்கிற்கும் அதனை நீர்விட்டு இழைத்து, சுடவைத்துப் பற்றிடுவது வடசென்னைப் பாட்டிமார் நன்கறிந்த கைம்முறை. மலையாள நாட்டில் அதனையே சென்னிநாயகம் என்பர். பால்குடி மறக்கச் செய்யத் தாயர் மார்பில் தடவுவர். அத்துணைக் கசப்பு! சோற்றுக்கு ஒரு பெயர், பாலுக்கு ஒரு பெயர், பாலின் கட்டிக்கு வேறு பெயர் என்று வகுத்து வைத்தவர்கள், இரண்டையும் கலக்கலாகாது என்பதை அறிந்தே வகுத்தனர். உலக நலவாழ்வு நிறுவனம் 1999ஆம் ஆண்டில் மருந்துச் செடிகளைப் பற்றி வெளியிட்ட முதல் தொகுதியைப் புரட்டுவோர், உலர்த்திய பாலுக்குத் தனி இயலும் சோற்றுக்குத் தனி இயலும் இருப்பதைக் காண்பர். ஊர்ப்புறத் தமிழச்சி அடுப்படியில் அறிந்திருந்த அதே பிரிவினை!

'அலோவேரா' என்னும் பெயரிலோ இப்பிரிவினை இல்லை. புட்டியில் இருப்பது சோறா, பாலும் கலந்ததா, முழு மடலையும் அரைத்ததா என்பதை அப்பெயர் சொல்லாது. இங்கேதான் தீங்கு தலைகாட்டுகின்றது. அமெரிக்க நாட்டு உணவு மருந்து ஆட்சியகம், மருத்துவர் சீட்டின்றி விற்கும் வயிறு கழிக்கும் மருந்துகளில் கற்றாழைப் பாலைச் சேர்க்கலாகாது என்று 2002ஆம் ஆண்டில் விலக்கியது. அதன் பாதுகாப்பை மெய்ப்பிக்கும் ஆய்வுகளை ஆக்கியோர் காட்டாமையே அதற்குக் காரணம். பின்னர் அந்நாட்டில், பால் நீக்காத முழு மடற்சாற்றை இரண்டாண்டுக் காலம் குடிநீரிற் கலந்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். பெருங்குடலிற் கட்டிகள் தோன்றின. உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 2016இல் வெளியிட்ட தொகுதியில், அத்தகைய முழு மடற்சாற்றை மாந்தர்க்குப் புற்று விளைத்தல் கூடும் என்னும் 2பி வகுப்பிற் சேர்த்தது. எலிக்கு நேர்ந்தது மாந்தனுக்கும் நேரும் என்று இதனால் முடிந்துவிடவில்லை. ஆயினும், நாள்தோறும் காலையில் வெறுவயிற்றில் முழு மடலை அரைத்துக் குடித்தால் எல்லா நோயும் ஓடும் என்று மேடைபோட்டு முழங்குவாரை நம்பிக் குடிப்பவர், தாம் குடிப்பது சோறா பாலா என்றேனும் கேட்டறிதல் வேண்டாவா?

கருவுற்ற தாய்மார் கற்றாழையை உள்ளுக்கு உண்ணவே கூடாது. பால் குடலை மட்டுமன்றிக் கருப்பையையும் முறுக்கும் என்பது மருத்துவர் அச்சம். பாலூட்டும் தாயர்க்கும் சிறு குழந்தைகட்கும் அதுவே விதி. பாலைத் தொடர்ந்து உண்டால் வயிறு கழிந்து உடலின் உப்புச் சமனிலை, சிறப்பாகப் பொட்டாசியம், குறையும். நெஞ்சாங்குலை நோய்க்கும் நீர் பிரிவதற்கும் மாத்திரை உண்போர்க்கு அது பேரிடர். நீரிழிவுக்கு மருந்துண்போர் தம் மருத்துவரைக் கேளாது இதனைக் குடிக்கலாகாது; இரண்டும் சேர்ந்து குருதியிற் சருக்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்தக்கூடும். உள்மருந்தாகக் கொள்ள விரும்புவோர் அரும்பாக்கத்து அறிஞர் அண்ணா அரசு மருத்துவமனை போன்ற இடங்களிலுள்ள சித்த மருத்துவரிடம் செல்வதே முறை. பக்கத்து வீட்டார் சொல்வதைக் கேட்டு அளவு வகுத்துக்கொள்ளுதல் முறையன்று.

அங்ஙனமாயின் வீட்டுக் கற்றாழையால் என்ன பயன்? பயன் உண்டு, மேற்பூச்சிலேதான் மிகுதியும் உண்டு. மடலை அறுக்கும் முறையை முதலில் அறிதல் வேண்டும். இரண்டாண்டு வளர்ந்த செடியின் வெளிவட்டத்து முதிர்ந்த மடலையே எடுத்தல் வேண்டும். நடுவிலுள்ள குருத்தைத் தொடலாகாது. அடியோடு ஒட்ட அறுத்து, வெட்டுவாய் கீழாக ஒரு கிண்ணத்தில் நிறுத்திக் கால்மணி நேரம் விடுக. மஞ்சட்பால் வடிந்து தங்கும். அதனைக் கொட்டிவிட்டு, இரு ஓரத்து முள்ளையும் சீவி, மேல்தோலை நீக்கி, சோற்றை மட்டும் எடுத்து நல்ல நீரில் ஏழுமுறை கழுவுக. ஏழுமுறை என்பது பாட்டிமார் வகுத்த கணக்கு. எண்ணில் மந்திரம் ஒன்றுமில்லை. மஞ்சளும் கசப்பும் போகும்வரை கழுவுதல் வேண்டும் என்பதே கருத்து. எடுத்த சோற்றை அன்றே பயன்படுத்துதல் நன்று; வைத்திருந்தால் காற்றுப்பட்டுச் செம்மை பாய்ந்து கெடும். வீட்டில் வளர்ப்பதன் முழு ஊதியமும் இங்கேயுள்ளது: வேண்டும்போது வேண்டிய துண்டை மட்டும் அறுக்கலாம், எஞ்சிய மடல் தன் வெட்டுவாயைத் தானே மூடிக்கொள்ளும். முதன்முறை பூசுவோர் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒருநாள் பொறுத்து, அரிப்போ தடிப்போ இல்லையென்று கண்டபின் பூசுக. சிலர் தோலுக்கு இஃது ஒவ்வாது.

வடசென்னை பட்டறைகளின் ஊர். வார்ப்படச் சாலைகளும், பற்றவைப்புப் பட்டறைகளும், கொதிகலன் கூடங்களும், உணவு சமைத்து விற்கும் தள்ளுவண்டிகளும் நிறைந்த ஊர். இங்கே தீக்காயம் என்பது அன்றாட நிகழ்ச்சி. பொறி தெறித்த கையோடு வீடு திரும்பும் கணவனுக்கு, வாயிலில் தொங்கும் கற்றாழையை ஒடித்து அப்படியே தேய்க்கும் மனைவியர் பலர். அன்பினாற் செய்வதே. ஆயினும் அதில் இரு பிழைகள் உள. முதற்பிழை, தேய்ப்பது பாலும் புழுதியும் சேர்ந்த சோறு. இரண்டாம் பிழை, அதனினும் பெரிது: கற்றாழைக்கு முன்னர் வரவேண்டியது குழாய்நீர். சுட்ட இடத்தை ஓடுகின்ற குளிர்ந்த நீரில் 20 மணித்துளி பிடித்தல் வேண்டும். பனிக்கட்டி ஆகாது, எழுதும் மையும் பற்பசையும் மஞ்சளும் மாவும் ஆகா. தோலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் வெம்மையை வெளிக்கொணர்வது நீர் ஒன்றே. அதன் பின்னர், தோல் சிவந்து மட்டும் இருந்தால், கழுவிய சோற்றை மெல்லப் பூசலாம். எரிச்சல் தணியும், தோல் காயாது காக்கப்படும்.

இதனைப் பாட்டி சொன்னதென்று மட்டும் ஏற்க வேண்டுவதில்லை. 1935ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் இருவர், ஊடுகதிர் பட்டுப் புண்ணான தோலுக்குப் பச்சைக் கற்றாழை மடலை இட்டு ஆற்றியதை ஆய்விதழில் எழுதினர். இக்காலக் கற்றாழை ஆராய்ச்சியின் தொடக்கம் அதுவே எனலாம். 2007ஆம் ஆண்டில் தாய்லாந்து ஆய்வாளர்கள், தீப்புண்ணில் கற்றாழையை இட்டுப் பார்த்த நான்கு ஆய்வுகளைத் தொகுத்தனர். பண்டுவம் பெற்றோர் மொத்தம் 371 பேர். ஆழமில்லாத தீப்புண்கள் ஏறத்தாழ 9 நாள் முன்னதாக ஆறியதாகக் கண்டனர். ஆயினும் ஒவ்வோர் ஆய்விலும் மருந்தும் அளவும் வெவ்வேறாக இருந்தமையால் முடிந்த முடிபாகச் சொல்ல இயலாது என்றும் அவர்களே எழுதினர். அந்த நேர்மை போற்றற்குரியது.

மறுபக்கமும் உண்டு. 1991இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மகப்பேற்று அறுவைக்கோ மகளிர் நோய் அறுவைக்கோ பின் தையல் பிரிந்து ஆறாதிருந்த ஆழ்ந்த புண்களுக்குக் கற்றாழைக் கூழை இட்டுப் பார்த்தனர். வழக்கமான பண்டுவத்தில் 53 நாளில் ஆறிய புண், கற்றாழை இட்டவர்க்கு ஆற 83 நாளாயிற்று. ஆகலின் வெந்து தோல் உரிந்த புண்ணுக்கும், ஆழ்ந்த வெட்டுக்கும், அறுவைத் தையலுக்கும் இது மருந்தன்று. இராயபுரத்து அரசு மகப்பேற்று மருத்துவமனையிலிருந்து குழந்தையோடு வீடு திரும்பும் தாயின் தையலில், நல்லெண்ணத்தால் எவரும் கற்றாழையைத் தடவுதல் வேண்டா. கொப்புளம் உள்ளங்கையளவுக்கு மேற்பட்டதானாலும், முகம், கை, மூட்டு இவற்றில் வெந்தாலும், மின்னாற் சுட்டாலும், சுட்ட இடம் வெளுத்தோ கருகியோ வலி தெரியாதிருந்தாலும் வீட்டு மருந்து ஒன்றும் இடாது, தூய துணியாற் போர்த்தி, உடனே மருத்துவமனைக்கு ஏகுதல் வேண்டும். ஸ்டான்லி மருத்துவமனை அண்மையில் உள்ளது. கைக்கென்றே தனித்துறையும் அங்குண்டு. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீப்புண்ணுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஒரு தொழிலாளிக்குக் கை என்பது உறுப்பு மட்டுமன்று; ஒரு குடும்பத்தின் உலை. விரல் மடங்காது போயின் அடுப்பும் எரியாது போம்.

இனி, கடலோரத்து மக்களின் தோல் பட்ட பாட்டைச் சொல்லல் வேண்டும். 2017ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் எண்ணூர்த் துறைமுகத்தின் அருகே இரு கப்பல்கள் மோதிக் கருநிற உலை எண்ணெய் கடலிற் கொட்டியது. கரையொதுங்கிய அவ்வெண்ணெய்ச் சேற்றை மீனவரும் இளைஞரும் வாளிகளால் அள்ளினர். 2023 திசம்பரில் மிச்சாங் புயல் மழைவெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கொற்றலையாற்றின் கழிமுகத்திற் படிந்தது. அப்போதும் வலை வீசிய கைகளே எண்ணெய் அள்ளின. படகும் வலையும் கறுத்தன. தோல் அரித்தது, எரிந்தது. அத்திங்கள் 26ஆம் நாள் நள்ளிரவில், பெரியகுப்பத்தின் அருகே உரத் தொழிற்சாலையொன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வளி கசிந்து, உறங்கிக்கொண்டிருந்த மக்கள் மூச்சு முட்டிக் கண்ணெரிந்து குழந்தைகளோடு தெருவிற்கு ஓடினர். பலர் மருத்துவமனையிற் சேர்க்கப்பெற்றனர்.

இத்தகைய நேரங்களில் கற்றாழைக்கு உரிய இடம் எது? எண்ணெய் அள்ளிய கையைக் கன்னெய்யாலோ மண்ணெண்ணெயாலோ கழுவுவது வழக்கமாகிவிட்டது. அது புண்ணில் நெருப்பிடுவதே. முதலில் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பின்னர்த் தேங்காயெண்ணெய் தடவிக் கறையை நெகிழ்த்த வேண்டும். அதன் பின்னரே வழலைக்கட்டியாலும் நீராலும் கழுவ வேண்டும். தோல் கிழியாதிருந்தால் கற்றாழைச் சோறு அதன் பின் வரலாம். நீர்கோத்து வெடித்தால் தோல் மருத்துவரைக் காண்க. அம்மோனியா பட்ட தோலுக்கோ கண்ணுக்கோ கற்றாழை அறவே கூடாது. அது காரம்; ஈரங்கண்ட இடத்தில் தின்றுகொண்டே உள்ளிறங்கும். ஏராளமான நீரால் கால்மணி நேரத்திற்குக் குறையாமல் கழுவிக்கொண்டே இருத்தலும், காற்றோட்டமான இடத்திற்கு அகல்வதும், மருத்துவமனை ஏகுவதுமே வழி. பற்றவைப்பு ஒளியாற் கண் உறுத்தும் தொழிலாளர் சிலர் இரவில் கற்றாழைத் துண்டைக் கண்ணுள் வைத்துக் கட்டுவர். கழுவாத மடலின் பாலும் அழுக்கும் கருவிழியிற் பட்டால் என்னாகும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இன்னொரு பொய்யும் இப்பகுதியில் விலைபோகின்றது. கற்றாழைத் தொட்டியை வீட்டில் வைத்தால் ஆலைப் புகையை அது உறிஞ்சும், இரவெல்லாம் உயிர்வளி தரும் என்பதே அது. கற்றாழை பகலில் தன் மூச்சுத் துளைகளை மூடி, நீர் வீணாகாது காத்து, இரவிற் கரிவளியை ஈர்த்து வைத்துக்கொள்ளும். வாயிலில் மண்ணின்றித் தொங்கியும் வாழ்வது இவ்வியல்பால்தான். இரவில் ஈர்ப்பது மெய். உயிர்வளியை ஆக்குவதோ ஒளியுள்ள பகலில்தான். காற்றைத் தூய்மை செய்யும் கதையை 2019ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் இருவர் கணக்கிட்டுத் தகர்த்தனர். திறந்த பலகணி செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமாயின், தரையின் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை வேண்டும்! எண்ணூரிலோ பலகணியைத் திறந்தால் வருவது வேறு. அனல்மின் நிலையத்துச் சாம்பலுக்கும் குழாயிற் கசியும் வளிக்கும் மருந்து தொட்டியில் வளராது. அது குழாயைப் பதித்தவரிடமும், அதனை மேற்பார்க்கும் அரசிடமும் மக்கள் கேட்டுப் பெறவேண்டிய ஒன்று. பெரியகுப்பத்து மக்கள் ஊர்திரண்டு தெருவில் அமர்ந்து கேட்டதும் அதையே.

சாம்பல் என்றவுடன் மண்ணைப் பற்றியும் சொல்லல் வேண்டும்; இப்பகுதியில் கற்றாழை வளர்ப்போர் தலையாயதாகக் கருதவேண்டியது அதுவே. கற்றாழை எம்மண்ணிலும் வளரும். சாம்பல் மேட்டிலும் வளரும். அதனாலேயே எச்சரிக்கை வேண்டும். எண்ணூர்ச் சாம்பற் குட்டைகளின் ஓரத்திலும், கழிவுநீர்க் கால்வாய்க் கரையிலும், இருப்புப்பாதை ஓரத்திலும் தழைத்து நிற்பதைக் கண்டு மடல் ஒடித்து வருதல் கூடாது. மண்ணில் ஈயமோ பிற கடும்பொன்மங்களோ இருந்தால் செடியும் அவற்றுள் ஒரு பங்கைக் குடித்தே வளர்ந்திருக்கும்; கழுவினாலும் அது போகாது. இன்னும் ஒன்று: இருப்புப்பாதை ஓரத்திலும் வேலியிலும் ஆளுயரம் நிற்பது பெரும்பாலும் ஆனைக்கற்றாழை, இரயில் கற்றாழை என்றும் சொல்வர். அஃது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேறு குடும்பத்துச் செடி. மடலில் நாரிருக்கும், சோறிராது. அதன் சாறு பட்டால் தோல் கொப்புளிக்கும். இவ்விரண்டையும் பிரித்தறியவும் பெயரே துணை. 'சோற்று' என்னும் அடைமொழி வீணுக்கு வந்ததன்று.

ஆகவே தொட்டியில் வளர்த்தலே தக்கது. வடசென்னையின் ஒண்டுக் குடித்தனங்களில் முற்றம் ஏது, தோட்டம் ஏது என்று மலைக்க வேண்டுவதில்லை. ஒரு சாண் அகலமுள்ள மண்தொட்டி போதும். வண்ணக் குழம்பும் வேதிப்பொருளும் வந்த வாளிகளைத் தவிர்த்து, உணவுப்பொருள் வந்த வாளியையே அடியில் நான்கு துளையிட்டுக் கொள்ளலாம். வெளியூரிலிருந்து கொண்டுவந்த செம்மண் ஒரு பங்கு, உப்பில்லா ஆற்றுமணல் ஒரு பங்கு, மட்கிய எரு அரைப்பங்கு. கடல்மணல் ஆகாது. காலை வெயில் படும் படிக்கட்டோ மாடிச்சுவரோ ஏற்ற இடம். கோடையில் கிழமைக்கு ஒருமுறையும் மழைக்காலத்தில் அதனினும் குறைவாகவும் நீர் விட்டாற் போதும். கற்றாழை வாடிச் சாவது அரிது, அழுகிச் சாவதே மிகுதி. மடல்மேல் படியும் சாம்பலையும் புழுதியையும் ஈரத்துணியால் துடைத்துவிடுதல் செடிக்கும் நன்று, பயன்படுத்துவோர்க்கும் நன்று.

கூந்தலுக்கு வேண்டுவோர் எண்ணெய் காய்ச்சிக்கொள்ளலாம். கழுவிய சோறு ஒரு பங்கு, தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ இரண்டு பங்கு. அகன்ற கலத்தில் சிறுதீயில் ஏற்றுக. சோற்றில் நீர் மிகுதியாதலின் முதலில் படபடவென்று தெறிக்கும். குழந்தைகள் அருகில் இருத்தல் ஆகாது. ஒலி அடங்கி, நுரை தணிந்து, அடியிற் படியும் வண்டலை எடுத்து விரலால் உருட்டினால் மெழுகு போலத் திரளும் நிலையே பதம். நீர் எஞ்சினால் எண்ணெய் சிக்கு நாறும். மீறிக் காய்ந்தால் கருகும். கோடையில் மோரோடு ஒரு கரண்டி கழுவிய சோற்றைக் கலந்து பருகும் வழக்கமும் உண்டு. மேலே விலக்கப்பெற்றோர் நீங்கலாக மற்றையோர் எப்போதேனும் அங்ஙனம் பருகுவதில் குற்றமில்லை. நோய் தீரும் என்று எண்ணிப் பருகுவதிலேதான் குற்றம்.

வாயிலில் தொங்குவதை என்செய்வது என்னும் வினா எஞ்சியுள்ளது. இறக்கிவிடுக. கயிற்றை அறுத்து, உலர்ந்த வேர்களையும் கருகிய அடிமடல்களையும் கொய்து, நிழலில் இரண்டு நாள் கிடத்துக; வெட்டுவாய் காய்ந்து தோல் மூடும். பின்னர் மணல் கலந்த மண்ணில், அடிக்கட்டை மட்டும் புதையுமாறு, தலை மேலாக நடுக. ஒரு கிழமை நீர் விடவேண்டா. அதன் பின் சிறிது தெளிக்க, ஒரு திங்களுக்குள் புதுவேர் பிடிக்கும். ஓராண்டில் அடியைச் சுற்றிப் பக்கக் கன்றுகள் முளைக்கும். ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம் வந்ததும் வேரோடு பெயர்த்து அண்டை வீட்டார்க்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது எது சோறு, எது பால் என்பதையும் மடலை அறுத்துக் காட்டியே கொடுக்க.